ஐம்பத்தெட்டாம் வருஷத்து ரசீது

2014-இல் பூட்டானுக்குப் போய்வந்து நான் எழுதிய பயணக் கட்டுரை இன்னும் இந்தத் தளத்தில் கிடக்கிறது. இந்திய எல்லையூரான ஜெய்காவ்ன் பக்கத்து ஹாரன் இரைச்சல், ஒரு வளைவு வாயிலைத் தாண்டியதும் பூட்டான் பக்கத்து ஃபுன்ட்ஷோலிங்கில் சட்டென்று அடங்கிப்போவது, திம்புவில் சிக்னல் விளக்கே இல்லாமல் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நடனமாடுவதுபோல வண்டிகளை அனுப்புவது என்று அங்கே போகிற எல்லாரும் எழுதுவதை நானும் எழுதியிருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தியில் அரசியல் பேசப் போனேன். நான்காவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 2006-இல் மகனிடம் முடியைக் கொடுத்துவிட்டு விலகியதையும், 2008-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்ததையும் சொல்லி, "யாரும் கேட்காமலே மன்னர் கொடுத்த ஜனநாயகம்" என்று முடித்திருந்தேன். பின்னூட்டங்களில் அந்த வரியைத்தான் நிறையப் பேர் எடுத்துப்போட்டுப் பாராட்டினார்கள். இன்றுவரை என்னை உறுத்துவதும் அந்த வரிதான்.

அடுத்த வருஷம் வேலை என்னை அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. கடுகு எண்ணெய், குந்துருக் என்கிற காய்ந்த கீரை, உறைந்த மோமோ எல்லாம் கிடைக்கும். கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். "நேபாளமா?" என்று கேட்டேன். "இல்லை, பூட்டான்" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். போன வருஷம்தான் போய்வந்தேன், என்ன அழகான ஊர், பாரோவில் அந்த மடாலயத்துக்கு ஏறினேன் என்றெல்லாம் அளந்துகொண்டே போனேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பில் போட்டபடியே, "நான் பார்த்ததில்லை அண்ணா. நான் முகாமில் பிறந்தவன்" என்றான். எந்த முகாம் என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து தேடித்தேடிப் படித்தேன். தெற்கு பூட்டானிலிருந்து நேபாளி பேசுகிறவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறியிருக்கிறார்கள்; மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் ஏழு மூங்கில் முகாம்களில் இருபது வருஷம் இருந்திருக்கிறார்கள். நான் ஊர் சுற்றிப் பார்த்து, சிவப்பு அரிசிச் சோறும் மிளகாய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்த நாட்டில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாஜே

அந்தப் பையன் மூலமாகத்தான் ஞாயிற்றுக்கிழமை குடியுரிமை வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். முதியவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்பு. அப்போது மொத்தம் நூறு கேள்விகள். அதிகாரி அதில் பத்து கேட்பார், ஆறுக்குச் சரியான பதில் சொன்னால் போதும். அதோடு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். என்னிடம் வந்து சேர்ந்தவர் எழுபது வயதுக்காரர். எல்லாரும் அவரை பாஜே, தாத்தா, என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. தெற்கு பூட்டானின் சிராங் மலையில் ஆரஞ்சும் ஏலக்காயும் போட்ட விவசாயி. காய்களைக் கொண்டுபோய் எல்லையூரான கெலெபுவில் அஸ்ஸாம் வியாபாரிகளிடம் விற்றுப் பழகியதில் அவருக்கு ஹிந்தி தெரியும். எனக்குப் புனேயில் பொறுக்கிய அரைகுறை ஹிந்தி. இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால் பேத்தி நடுவில் வந்து நேபாளியில் எடுத்துக்கொடுப்பாள். என்னை அவர் 'பாபு' என்பார்.

ஆங்கில எழுத்து அவருக்கு ஏறவே இல்லை. ஆனால் காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார். எங்கள் பாட்டி அர்த்தம் தெரியாமல் சமஸ்கிருத சுலோகம் ஒப்பிப்பதுபோல, அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தச் சட்டம் தரும் உரிமைகளை ராகம் போட்டு ஒப்பிப்பார்: "ஸ்பீச், ரிலிஜன், அசெம்பிளி, பிரெஸ், பெட்டிஷன் தி கவர்ன்மென்ட்." கடைசி வார்த்தைக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். ஏன் சிரிக்கிறீர்கள் பாஜே என்று ஒருநாள் கேட்டேன். "இதற்குத்தானே டேக்நாத்தை உள்ளே போட்டார்கள்" என்றார்.

டேக்நாத் ரிசால் மன்னரின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். 1988-இல் தெற்கு மாவட்டங்களில் மட்டும் ஒரு கணக்கெடுப்பு நடந்தபோது, அதில் நடக்கும் அநியாயங்களைச் சொல்லி ஏப்ரலில் மன்னருக்கு ஒரு மனு கொடுத்தார். மனு கொடுத்ததற்காகக் கைது, பதவியும் போனது. நேபாளத்துக்குத் தப்பிப் போனவரை 1989 நவம்பரில் ஜாபாவில் பிடித்து பூட்டானிடம் ஒப்படைத்தார்கள். ஆயுள் தண்டனை. ஆம்னெஸ்டி என்கிற மனித உரிமை அமைப்பு அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. 1999 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

"யாரும் கேட்காமலே" என்று நான் எழுதியிருந்தேனே, கேட்டவர் இருந்திருக்கிறார். பத்து வருஷம் சிறையில் இருந்திருக்கிறார். 1990 செப்டம்பர், அக்டோபரில் தெற்கு முழுக்க ஊர்வலம் போய் மனித உரிமையும் அரசியல் சீர்திருத்தமும் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். இது நேபாளி பேசுகிறவர்களின் பிரச்சினை மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. கிழக்கு பூட்டானின் ஷார்சோப் சமூகத்து ரோங்தோங் குன்லே டோர்ஜி, நாடு கடந்த நிலையில் 1994-இல் ஒரு கட்சி தொடங்கி ஜனநாயகம் கேட்டார். 1997-இல் கிழக்கிலும் போராட்டம் நடந்தது, அடக்கினார்கள். அதே வருஷம் அவரை டெல்லியில் நம் போலீஸ் கைது செய்தது.

ஏழு பெட்டிகள்

அந்தக் கணக்கெடுப்பைப் பற்றி பாஜே சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னால் யாருக்கும் புரியாது, அவர் எருமையில் தொடங்கி மழையில் முடிப்பார். அதனால் நானே கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறேன். தெற்கு பூட்டானின் நேபாளி பேசும் மக்களுக்கு லோட்சாம்பா என்று பெயர், தெற்கத்திக்காரர்கள் என்று அர்த்தம். 1958-இல் மூன்றாவது மன்னர் காலத்துச் சட்டம் அவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. 1985-இல் வந்த புதுச் சட்டம் அந்த வருஷத்தையே கோடாகக் கிழித்துவிட்டது: 1958 டிசம்பர் 31-க்குள் பூட்டானில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டு. ஆதாரம் என்றால் நிலவரி கட்டிய ரசீது. நம் ஊரில் கிஸ்தி ரசீது என்பார்களே, அது. முப்பது வருஷத்துக்கு முந்தைய துண்டுச்சீட்டு. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரங்கள் கரையான் அரித்துக் கிடக்கும் லட்சணத்தை நினைத்துப் பார்த்தேன்.

கணக்கெடுத்தவர்கள் ஆட்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு பெட்டிகளில் போட்டார்கள். எஃப்-1 அசல் பூட்டானியர், எஃப்-7 அந்நியர். நடுவில் திரும்பி வந்தவர், கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாதவர், பூட்டான் ஆணைக் கட்டிய அந்நியப் பெண், பூட்டான் பெண்ணைக் கட்டிய அந்நிய ஆண், தத்துப்பிள்ளை என்று ஐந்து. பாஜேயின் அப்பா பேரில் 1958 ரசீது இருந்தது. அதனால் பாஜே எஃப்-1. கலிம்போங்கிலிருந்து வந்த அவர் மனைவி எஃப்-4. அடுத்த வயலில் இருந்த சித்தப்பாவிடம் 57-ஆம் வருஷத்து ரசீது இருந்தது, 59-உம் இருந்தது, 58 மட்டும் இல்லை. எஃப்-7. "சித்தப்பா அந்த ஒரு வருஷம் மட்டும் எங்கே போயிருந்தார் என்று கேட்டார்கள் பாபு. எங்கேயும் போகவில்லை, தாளைத்தான் எலி தின்றது" என்று அவர் சொன்னபோது வகுப்பில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்திருக்கிறார்.

பூட்டான் பக்கத்து பயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பக்கத்தில் இருந்த சிக்கிம் என்கிற ராஜ்யம் 1975-இல் இந்தியாவோடு சேர்ந்து வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. அங்கே நேபாளி பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. எண்பதுகளில் டார்ஜீலிங்கில் கூர்காலாந்து கேட்டு ரத்தக்களரி. இரண்டையும் வாசலில் நின்று பார்த்த ஒரு சின்ன நாட்டுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். போராட்டக்காரர்கள் பக்கமும் வன்முறை இல்லாமல் இல்லை. சரி. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக என்ன செய்தார்கள்? பள்ளியில் நேபாளி மொழியை எடுத்தார்கள். 'ஒரே நாடு, ஒரே மக்கள்' என்று சொல்லி, குளிர்மலைக்காகத் தைத்த கோ, கிரா உடைகளை வெக்கையடிக்கும் தெற்கிலும் போட வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்றார்கள். 1990 ஊர்வலங்களுக்குப் பிறகு தெற்கில் பள்ளிக்கூடங்களை மூடி, சிலவற்றைச் சிறையாக்கினார்கள். தன் மகன் ஒன்றாம் வகுப்பு படித்த அறையில்தான் தன்னை நாற்பது நாளுக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள் என்றார் பாஜே. இந்த நாற்பது நாள் பின்னால் எங்களுக்குத் தலைவலி கொடுத்தது. குடியுரிமை விண்ணப்பமான என்-400-இல், நீங்கள் எப்போதாவது காவலில் வைக்கப்பட்டது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டு என்று எழுதினால் எந்தக் குற்றம், எந்தத் தேதி, தீர்ப்பு என்ன என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். குற்றமும் இல்லை தீர்ப்பும் இல்லை என்பதை அந்தக் கட்டங்களுக்குள் எழுத எனக்கும் பேத்திக்கும் ஒரு மாலை முழுக்க ஆனது.

எதைத் துறப்பது

2016 இலையுதிர்காலம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று உறுதிமொழியைப் படித்துக் காட்டினேன். தேர்வில் தேறியவர்கள் கடைசியில் கையை உயர்த்திச் சொல்ல வேண்டிய உறுதிமொழி அது. இதுவரை நான் யாருக்குக் குடியாக இருந்தேனோ அந்த அயல்நாட்டு மன்னர், அரசு எதற்கும் இனி விசுவாசமாக இருக்க மாட்டேன், அதை முழுமையாகத் துறக்கிறேன் என்பதுபோல அதன் தொடக்கம் வரும். பழைய ஆங்கிலம், அமெரிக்கர்களுக்கே பாதி புரியாது. பேத்தி அதை நேபாளியில் சொன்னாள். 'ராஜா' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது.

பாஜே ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: "பாபு, நான் ராஜாவை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டுமா?" ஆமாம் என்றேன். "நான் ராஜாவுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர்வலத்தில்கூட அவர் படத்தைத்தான் பிடித்துக்கொண்டு போனோம். நீ எங்கள் ஆள் இல்லை என்று சொன்னது அவர்கள். இப்போது நான் துறக்கிறேன் என்றால், அன்றைக்கு நானாகத்தான் போனேன் என்று ஆகிவிடாதா?"

எனக்கு அன்று வேறு வேலை இருந்தது, மணியும் ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே, "அது சும்மா ஒரு சம்பிரதாயம் பாஜே, எல்லாரும் சொல்வதுதான், சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்றேன்.

"அவர்களும் இப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர்தான் நிதானமாக விளக்கினார். 1992-இல் அவரைக் கூப்பிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். 'சுயவிருப்பக் குடிபெயர்வுப் படிவம்'. பூட்டானின் ஆட்சிமொழியான ஜோங்காவில் இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன இது என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சம்பிரதாயம், போடு என்றிருக்கிறார் அங்கிருந்தவர். கையெழுத்துப் போட்டதும் போட்டோ எடுத்தார்களாம். சிரிக்கச் சொன்னார்களாம். சிரித்தபடி நாட்டை விட்டுப் போன போட்டோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று பூட்டானின் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது என்று வகுப்பில் இன்னொரு பெரியவர் சொன்னார்.

அந்தப் படிவம் வெறும் தாளாக நின்றுவிடவில்லை. நேபாளமும் பூட்டானும் வருஷக்கணக்கில் சுற்றுச்சுற்றாகப் பேசி, 2001-இல் குதுனாபாரி முகாமில் கூட்டாகச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். 12,000 பேரைச் சரிபார்த்து முடிவை 2003 ஜூனில் வெளியிட்டார்கள். கட்டாயமாக வெளியேற்றப்பட்ட பூட்டானியர்கள் என்று ஒப்புக்கொண்டது 293 பேரை மட்டும், அதாவது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. எழுபது சதவீதம் பேர் 'தாமாக வெளியேறியவர்கள்' என்கிற இரண்டாம் பிரிவு. மீண்டும் குடியுரிமை வேண்டுமென்றால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பாஜே அந்த எழுபதில் ஒருவர். எஃப்-1 ஆக இருந்தவரை அந்தக் கையெழுத்து இரண்டாம் பிரிவு ஆக்கிவிட்டது. அந்த டிசம்பரில் முகாமில் பூட்டான் அதிகாரிகள்மேல் கல் விழுந்தது. அதையே காரணமாகச் சொல்லிக் கிளம்பினார்கள், வேலை அப்படியே நின்றது. அந்த 293 பேரில்கூட ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

நடந்தே போய்விடலாம் என்று பார்த்தவர்களும் உண்டு. இங்கே இந்தியனாக எனக்குத் தலை நிமிரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லை தாண்டி வந்தவர்களை அஸ்ஸாம், மேற்கு வங்கம் வழியாக லாரிகளில் நேபாள எல்லையிலுள்ள மேச்சி ஆற்றங்கரைவரை போகவிட்டது நம் நாடுதான். 1996-இல் அவர்கள் சமாதான ஊர்வலமாகத் திரும்பி வந்தபோது மேற்கு வங்கத்தில் கைது. 2007 மேயில் மேச்சி பாலத்தில் துப்பாக்கிச் சூடு, உயிர் போனது. கேட்டால், இது நேபாளமும் பூட்டானும் பேசித் தீர்க்க வேண்டியது என்பதுதான் டெல்லியின் பதில். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லையே கிடையாது, நடுவில் இருக்கிற அத்தனை நிலமும் நம்முடையது.

நான் பாஜேயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பை ஒன்றைத் திறந்தார். அகதிகளை விமானம் ஏற்றிய ஐ.ஓ.எம். என்கிற சர்வதேச அமைப்பு கொடுத்த பை, அவர்கள் வீடுகளில் அதைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்ததில்லை. அதற்குள் ஒரு துணி, துணிக்குள் நான்காக மடித்த அந்த ரசீது. மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "இது இருக்கிறவரை நான் துறந்தாலும் துறந்தது ஆகாது, இல்லையா?" என்று பேத்தியிடம் கேட்டார். அவள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை; எனக்கே புரிந்தது. தேர்வில் தேறிவிட்டார். உறுதிமொழி எடுத்த நாளில் நான் பின்வரிசையில் இருந்தேன். அந்தத் தொடக்க வரியின்போது அவர் உதடு அசைந்ததா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டியல்

2008-க்கு வருகிறேன். மார்ச் 24 தேர்தலில் 47 இடங்களில் 45-ஐ ஒரே கட்சி பிடித்தது. ஜூலையில் புது அரசியலமைப்பு வந்தது. பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் அதில் அழகாக இருக்கிறது. குடியுரிமைப் பகுதியில் அதே 1958 டிசம்பர் 31-உம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சிகள் ஓட்டால் மாறியிருக்கின்றன, தோற்றவர்கள் சண்டை போடாமல் இறங்கியிருக்கிறார்கள். நம் பக்கத்து நாடுகள் பலவற்றில் இது நடப்பதில்லை என்பதும் உண்மை. தெற்கிலேயே தங்கிவிட்ட லோட்சாம்பாக்களில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு. ஐந்தாவது மன்னர் அவ்வப்போது சிலருக்குக் குடியுரிமை கொடுத்தும் வருகிறார். இதையெல்லாம் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் சங்கடம் தேர்தலுக்கு முந்தைய வேலையில் இருக்கிறது. யார் பெயர் பட்டியலில் இருக்கும் என்பதை 1988-லேயே ஏழு பெட்டிகளாகப் பிரித்து முடித்துவிட்டார்கள். பட்டியலை முதலில் சுருக்கிவிட்டு, ஓட்டுப்பெட்டியை இருபது வருஷம் கழித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே 2008-இல்தான் முகாம்களிலிருந்து ஆட்களை அமெரிக்காவுக்கு ஏற்றிய விமானங்களும் வரிசையாகப் புறப்பட்டன. எட்டு நாடுகளில் 1,13,000 பேருக்கு மேல் குடியேறினார்கள். கேட்டவர்கள் கண்காணாத தூரம் போய்விட்டதால், கேட்காமலே கொடுத்ததுபோல ஆகிவிட்டது. முன்பு கேட்டவர்களில் சிலர் இன்னும் பூட்டான் சிறைகளில்தான் இருக்கிறார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023-இல் குறைந்தது 37 பேரைப் பட்டியலிட்டது.

தாள் விஷயத்தில் ஒரு கூத்தும் நடந்தது. அதே 2023-இல் நேபாளத்தில், சொந்த நாட்டுக்காரர்களிடமே லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, உங்களைப் பூட்டான் அகதி என்று காட்டி அமெரிக்கா அனுப்புகிறோம் என்று ஏமாற்றிய மோசடி வெளியே வந்தது. முன்னாள் அமைச்சர்கள்கூடக் கைதானார்கள். பாஜேயிடம் சொன்னேன். "எங்களிடம் கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்போமே" என்றார்.

2025 மார்ச்சில் அமெரிக்க அரசு, வழக்குகளில் தண்டனை பெற்ற பூட்டான் அகதிகள் சிலரைப் பிடித்து பூட்டானுக்கே விமானம் ஏற்றியது. பாரோவில் இறங்கியவர்களை பூட்டான் வைத்துக்கொள்ளவில்லை. ஃபுன்ட்ஷோலிங் கொண்டுபோய் இந்திய எல்லையில் விட்டுவிட்டது. நான் உள்ளே நுழைந்து பரவசப்பட்ட அதே ஊர். அங்கிருந்து சிலர் எப்படியோ நேபாளம் போய்ச் சேர, சட்டவிரோதமாக நுழைந்ததாக அங்கே கைது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே பாதை, இந்த முறை தொடக்கத்தில் ஒரு விமானம் கூடியிருக்கிறது.

பாஜே குடிமகன், அவரை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. பேத்தி இதைப் பத்து தடவை சொல்லிவிட்டாள். இருந்தாலும் ஏப்ரலில் ஒருநாள் போன் வந்தது, கடைக்குப் போகும்போதும் கையில் இருக்கட்டும், சான்றிதழுக்கு நகல் எடுக்க வேண்டும் என்று. மூவரும் நூலகத்துக்குப் போனோம். குடியுரிமைச் சான்றிதழ், பாஸ்போர்ட் இரண்டுக்கும் நகல் எடுத்து முடித்ததும், பைக்குள் கைவிட்டு அந்தத் துணியை எடுத்தார். "இதற்கும் ஒன்று எடு" என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். தாளைப் பிரித்துக் கண்ணாடிமேல் வைத்தோம். முதல் நகல் வெள்ளையாகவே வந்தது, டேப் ஒட்டிய கோடுகள் மட்டும் தெரிந்தன. கருமையைக் கூட்டி மறுபடி போட்டோம். மூன்றாவதில் முத்திரையும் அப்பா பேரில் பாதியும் வந்தன. பாஜே அதை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, போதும் என்றார். பக்கத்துக்குப் பத்து சென்ட். வெள்ளையாக வந்ததற்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.